மெடிக்கல் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். கடைக்கு வருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. கூட்ட நேரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியது.

மெடிக்கல்ல மாத்திரை வாங்குறதத் தவிர வேற என்னதான் இருக்கு?

மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கிச் சொல்வதுதான் முதல் சேவை. அதற்குத் தனியாகக் காசு கிடையாது, கேட்பவர்களும் குறைவு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதோடு எது சேரக்கூடாது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, இன்ஹேலரை எப்படி இழுப்பது, இன்சுலின் பேனாவில் ஊசியை எப்படி மாட்டுவது என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

அப்புறம் பல கடைகளில் பிரஷர், சுகர், எடை பார்க்கிறார்கள். வீட்டுக்கு மருந்து கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. நோய் என்னவென்று கண்டுபிடிப்பது, ஊசி போடுவது, தையல் பிரிப்பது எல்லாம் எங்கள் வேலை இல்லை. அதைச் செய்யும் கடைகளும் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும்.

கவுன்ட்டர்ல நிக்கிற எல்லாருமே படிச்சவங்களா?

இல்லை. பில் போடுபவர், மருந்து எடுத்துக் கொடுக்கும் பையன், முதலாளி என்று பலர் நிற்பார்கள். டி.பார்ம் அல்லது பி.பார்ம் படித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் பார்மசிஸ்ட். டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்தை அவரோ, அவருடைய மேற்பார்வையில் வேறொருவரோதான் கொடுக்க வேண்டும். கடையின் லைசென்ஸையும் பார்மசிஸ்ட்டின் பதிவுச் சான்றிதழையும் கண்ணில் படும்படி மாட்டியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் “பார்மசிஸ்ட் யாருங்க?” என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

பிரஷர் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்த மிஷின்லாம் சரியாக் காட்டுமா?

மிஷின் பெரும்பாலும் சரியாகவே காட்டும். தப்பு பார்க்கும் முறையில்தான். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்துவந்து, நின்றபடியே கையை நீட்டினால் அதிகமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், காலைக் குறுக்கே போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக்கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றச் சொல்லாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரியை எடுத்துக்கொள்வது நல்லது.

வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்கு மேலேயே இருந்தால் டாக்டரிடம் போங்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு முறை பார்த்த அளவை வைத்து, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வீட்டு மிஷின்ல சுகர் 140 காட்டுது, லேப்ல 125ங்குது. எதை நம்புறது?

லேப்பை நம்புங்கள். விரல் நுனியில் பார்க்கும் மிஷினில், 100-க்கு மேல் உள்ள அளவுகளுக்கு 15 சதவீதம் வரை வித்தியாசம் வருவதைத் தரவிதிகளே ஏற்றுக்கொள்கின்றன. நீங்கள் சொன்ன இரண்டு அளவும் அதற்குள்தான் இருக்கின்றன. மருந்து வேலை செய்கிறதா, திடீரென்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத்தான் வீட்டு மிஷின். சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்பதை லேப் பரிசோதனைதான் முடிவு செய்யும்: எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருந்து எடுத்த அளவு 126 அல்லது அதற்கு மேல், வேறொரு நாளிலும் அப்படியே.

வாழைப்பழம் உரித்த கையோடு குத்திப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், அதிலும் காலாவதித் தேதி உண்டு. கடையில் பார்த்தால் உங்களுக்குப் புது ஊசியைப் பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தவே கூடாது.

சீட்டு இல்லாம எதெல்லாம் குடுப்பீங்க, எதெல்லாம் குடுக்க மாட்டீங்க?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடோ, ‘ஆர்எக்ஸ்’ குறியோ இருந்தால் அது டாக்டர் சீட்டுக்குரிய மருந்து. மருந்து விதிகளில் மூன்று அட்டவணைகள் முக்கியம். எச் அட்டவணை பெரியது: ஆன்டிபயாடிக், பிரஷர், சுகர் மருந்துகளில் பெரும்பாலானவை அதில் வரும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் செஃபிக்ஸிம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான மருந்துகள் இருக்கின்றன. எக்ஸ் அட்டவணை இன்னும் கண்டிப்பானது. அதற்கு இரண்டு நகல் சீட்டு வேண்டும், ஒன்றை நாங்கள் வைத்துக்கொள்வோம்.

பாராசிட்டமால் 500, ஓ.ஆர்.எஸ்., நெஞ்செரிச்சலுக்கான ஜெல், வலித் தைலம், கர்ப்பம் பார்க்கும் கிட், ஆணுறை, நாப்கின் இவற்றுக்குச் சீட்டு வேண்டாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் பேப்பரில் எழுதிக் காட்டினாலும் போதும், தினமும் யாராவது அப்படித்தான் வாங்கிப் போகிறார்கள்.

அக்கா, காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க. போன தடவ வேற கடைல குடுத்தாங்க, ஒரே நாள்ல கேட்டுச்சு!

ஒரே நாளில் கேட்டது எதனால் என்றால், அந்தச் சின்னக் காகிதக் கவருக்குள் இருந்த பொடி மாத்திரையால். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டிருப்பதால் பெயர் தெரியாது. இப்படிக் கலந்து கட்டித் தரும் செட்டுகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கும், அதாவது ஸ்டீராய்டு. காய்ச்சலும் உடம்புவலியும் சட்டென்று அடங்கும், பசி எடுக்கும், ஆள் தெம்பாகிவிட்ட மாதிரி இருக்கும். நோய் உள்ளே அப்படியே இருக்கும். சுகர் உள்ளவர்களுக்கு அளவு எகிறும், வயிற்றில் புண் வரும், அடிக்கடி எடுத்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டே குறைந்துவிடும். கூடவே ஒரே ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் போட்டிருப்பார்கள். ஒரே ஒரு மாத்திரையால் கிருமி முழுதாகச் சாகாது, மருந்துக்குத்தான் பழகிப்போகும்.

இன்னொன்று. இங்கே மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அப்போது டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். அதனால் நான் தருவது பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக்கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பவர்களுக்கு அந்த அளவுகூட ஆகாது. சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கம்பம் ஊரைத் தாண்டி எல்லையிலுள்ள குமுளிக்குப் போனால் கேரளக் கடைகளில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவது இப்போது கஷ்டம். 2024-இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று சோதனை தொடங்கினார்கள். நம் பக்கமும் அந்தக் கண்டிப்பு வந்தால், தினமும் சண்டை போடுவதாவது எனக்கு மிச்சமாகும்.

மாத்திரை வாங்க வந்தா எதுக்கு அட்ரஸ், டாக்டர் பேரெல்லாம் எழுதுறீங்க?

மேலே சொன்ன எச்1 மருந்தாக இருக்கும். அதற்குத் தனிப் பதிவேடு உண்டு. டாக்டர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

காசநோய் மருந்தாக இருந்தால் அந்த விவரம் அரசுக்கும் போகும். பயப்பட வேண்டாம், நல்லதுதான். அரசில் பதிவானால் மருந்து முழுக்க இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தனியாரிடம் பார்ப்பவர்களுக்கும் அந்தப் பணம் உண்டு.

பழைய சீட்டுதான் இருக்கு. அதையே காட்டி வாங்கிக்கலாமா?

விதிப்படி, திரும்பவும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். நடைமுறையில் பிரஷர், சுகர், தைராய்டு மாதிரி தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம், ஏனென்றால் நடுவில் நின்றுபோவது அதைவிட ஆபத்து. டாக்டரிடம் சொல்லி “மூன்று மாதத்துக்கு” என்று எழுதி வாங்கிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. போன வருடம் எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டு, தூக்க மாத்திரைச் சீட்டு எல்லாம் செல்லாது.

பிரஷர், சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் காசு கொடுத்துக் கஷ்டப்படுகிறீர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். இதைச் சொல்வதால் என் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார், பரவாயில்லை.

டாக்டர் எழுதுன கம்பெனி இல்லன்னு வேற கம்பெனி குடுக்குறீங்களே, சரியா?

சட்டம் நேராகவே சொல்கிறது: சீட்டுக்குரிய மருந்தில் பிராண்டு பெயர் எழுதியிருந்தால், உள்ளே அதே மருந்து இருந்தாலும் வேறு பிராண்டை மாற்றித் தரக்கூடாது. அதனால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தருவதுதான் முறை. கேட்காமல் மாற்றும் கடைகள் ஏராளம். குறைந்தபட்சம் மாற்றியதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மூன்றையும் ஒரே கம்பெனியில் தொடர்ந்து சாப்பிடுவது நல்லது. மாற்றினால் டாக்டருக்குத் தெரிந்தே மாற்றுங்கள்.

அப்ப முதல்வர் மருந்தகத்துல எப்படிக் குடுக்கிறாங்க? விலை கம்மின்னா வீரியமும் கம்மிதானே?

வீரியம் கம்மி இல்லை. கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் வேதிப்பெயரில் விற்பதால் விளம்பரச் செலவு, விற்பனைப் பிரதிநிதிகளுக்கான செலவு இல்லை, அதனால் விலை இறங்குகிறது. மத்திய அரசின் ஜன் அவுஷதி கடைகள் 2008-இல் தொடங்கின. தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் 1,000 இடங்களில் திறக்கப்பட்டன. நிறைய மருந்துகள் வெளிக்கடை விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது என்பதுதான் குறை.

மேலே சொன்ன பிராண்டுச் சிக்கலுக்கு வழி: டாக்டரிடம் “வேதிப்பெயரும் எழுதிக் கொடுங்க சார்” என்று கேளுங்கள். டாக்டர்கள் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் வேதிப்பெயர் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் விதி 2016-இலேயே இருக்கிறது.

அட்டையை வெட்டி நாலே நாலு மாத்திரை குடுங்கன்னா ஏன் முகம் சுளிக்கிறீங்க?

சுளிப்பது உங்களைப் பார்த்து இல்லை. காலாவதித் தேதியும், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் நம்பரும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தை முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சம் எப்போது காலாவதி என்று எனக்கே தெரியாது. அதனால் தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுப்போம், உங்கள் மாத்திரையின் தேதியும் பேட்ச் நம்பரும் பில்லில் இருக்கும். ஆகவே பில் வாங்குங்கள். ஒரு பேட்ச் தரமில்லை என்று அரசு அறிவித்தால் உங்கள் கையில் இருப்பது அதுதானா என்று பார்க்க வேறு வழியே இல்லை.

06/2026 என்று போட்டிருந்தால் ஜூன் மாதக் கடைசி நாள் வரை சாப்பிடலாம். ஆனால் திறந்த மருந்துக்கு அந்தத் தேதி பொருந்தாது. கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு மாதம். தண்ணீர் கலந்து தயாரிக்கும் குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரம். பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு வயசுக் குழந்தைக்கு இருமல், ஒரு சிரப் குடுங்க

தர மாட்டேன். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அதன்பின் மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கொடுக்கவே வேண்டாம் என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறது. நச்சு இல்லாவிட்டாலும் அந்த வயதில் அதனால் பெரிய பலன் கிடையாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, குடிக்க வெதுவெதுப்பான நீர் போதும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

காய்ச்சல் என்றால் வயதை விட எடையைச் சொல்லுங்கள். பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை ஒரு வேளைக்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. சிக்கல் எங்கே என்றால், சொட்டு மருந்தில் 1 மி.லி.-யில் 100 மி.கி., ஒரு சிரப்பில் 5 மி.லி.-யில் 125 மி.கி., இன்னொன்றில் 5 மி.லி.-யில் 250 மி.கி. இருக்கும். அதாவது அதே குழந்தைக்கு முதலாவதில் ஒன்றரை மி.லி., இரண்டாவதில் 6 மி.லி., மூன்றாவதில் 3 மி.லி. சொட்டு மருந்தைச் சிரப் அளவில் 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு. பாட்டிலை மாற்றினால் அளவைத் திரும்பக் கேளுங்கள். பாட்டிலோடு வந்த அளவு மூடியில் ஊற்றுங்கள், வீட்டுக் கரண்டி வேண்டாம்.

வயித்தால போகுது, அந்த ஆரஞ்சு ஓ.ஆர்.எஸ். ஜூஸ் குடுங்க

ஜூஸ் டப்பா வேறு, ஓ.ஆர்.எஸ். வேறு. சர்க்கரை அதிகமுள்ள பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மி.லி.-க்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அதோடு துத்தநாகம் (ஜிங்க்) 20 மி.கி. தினமும் 14 நாள், போக்கு நின்றாலும் தொடர வேண்டும். ரத்தம் கலந்து போனால், கண் குழிந்தால், சிறுநீர் வராவிட்டால் கடைக்கு வந்து நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கரண்ட் போய்ட்டா இன்சுலின் கெட்டுப்போயிருமா?

சில மணி நேரத்தில் கெடாது, ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் போதும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது. உறைந்தது உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குள் வெளியிலேயே நான்கு வாரம் வைக்கலாம். சித்திரை, வைகாசியில் நம் வீடுகள் 30-ஐத் தாண்டும், அப்போது ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து அதில் வைப்பது உதவும். கடையிலிருந்து கொண்டுபோகும்போது ஐஸ் கட்டி நேராகப் படாமல் துணி சுற்றுங்கள். ஃபிரிட்ஜ் மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் எந்தக் கடையும் வாங்கக்கூடாது.

நாய் கடிச்சிருச்சு, ஒரு ஊசி போட்டு விடுங்களேன்

முதல் கேள்வியிலேயே சொன்னதுபோல் ஊசி போடுவது எங்கள் வேலை இல்லை. இப்போதே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு ஆஸ்பத்திரியோ போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். காயம் ரத்தம் வருமளவுக்கு இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் தேவைப்படும். மூன்று ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது.

அந்த 72 மணி நேர மாத்திரை... எந்தக் கடையிலும் இல்லங்கிறாங்களே?

உறவுக்குப் பின் கர்ப்பம் தரிக்காமல் இருக்க அவசரத்துக்குப் போடும் லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரைக்கு மத்திய விதிகளின்படி சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் இதை வாங்கி வைப்பதே இல்லை. தயக்கமும் மருந்து ஆய்வாளர் பயமும்தான் காரணம். கேட்டு வரும் பெண்ணுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அது எனக்குப் பிடிக்காத பழக்கம். கிடைக்காவிட்டால் நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் மகப்பேறு மருத்துவரிடமோ அரசு ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அடிக்கடி எடுக்கும் மருந்து இல்லை இது. கருக்கலைப்பு மாத்திரையும் இல்லை. அது முற்றிலும் வேறு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே.

அப்பாவுக்கு மூணு டாக்டர் எழுதுன மாத்திரை இருக்கு. எல்லாத்தையும் சேத்துச் சாப்பிடலாமா?

மொத்தத்தையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது, பார்மசிஸ்ட் உட்கார்ந்து பார்ப்பார். சமீபத்தில் ஒரு பெரியவர் மஞ்சப்பையைக் கவுன்ட்டரில் கவிழ்த்தார். இரண்டு வேறு பெயரில் இருந்த அட்டைகளைத் திருப்பினால் இரண்டிலும் கிளிமிபிரைடு என்ற அதே சுகர் மருந்து. இரண்டையும் விழுங்கிவிட்டு, காலை பதினோரு மணிக்கு வேர்த்து நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவது. டாக்டருக்குப் போன் செய்து ஒன்றை நிறுத்தினோம். அப்படி வேர்த்து நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்.

பிரஷர் மாத்திரையோடு மூட்டுவலி மாத்திரை சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதும் அடிக்கடி பார்ப்பது. தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எந்த மாத்திரையையும் நாங்களாக நிறுத்த மாட்டோம், டாக்டரிடம் கேட்டுத்தான்.

மாத்திரை சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிச்சிருச்சு. யார்கிட்ட சொல்றது?

அந்த மருந்தை நிறுத்திவிட்டு, அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ 108. பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம், டாக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்களிடம் சொன்னாலும் நாங்கள் அனுப்புவோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சீட்டின் மேல் எழுதி வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்டுங்கள்.

ராத்திரி கடை பூட்டிட்டா என்ன பண்றது?

அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு இரவிலும் இருக்கும், பெரிய தனியார் மருத்துவமனைகளோடு ஒட்டிய மருந்துக்கடைகள் பெரும்பாலும் திறந்திருக்கும். சந்தேகம் மட்டும்தான் என்றால் 104-க்கு அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. பேசும்போது மருந்து அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், “அந்த வெள்ளை மாத்திரை” என்றால் அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது.